துணிக்கொடியைத் தாண்டி

சரி, பார்த்துக்கொள். நன்றாகப் பார்த்துக்கொள். அது படுக்கை விரிப்பு. நேற்றும் படுக்கை விரிப்பாகத்தான் இருந்தது, முந்தாநாளும் அப்படித்தான். ஏதாவது ஒரு துணியைக் காட்டிப் பதினோரு நாளாக நானும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது புலி இல்லை, அதற்குப் பல் இல்லை, ஓரத்தில் ரோஜாப்பூ போட்ட வெள்ளைத் துணி, இரட்டைக் கட்டிலுக்கு வாங்கியது, ஒரு முனையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட காவிக் கறை, அவ்வளவுதான். ஆனால் இந்தத் தமயந்தியின் கண்ணில் நின்று பார்த்தால் அது என்னவாகத் தெரிகிறதோ. இரண்டு காதையும் முன்னால் நீட்டிக்கொண்டு, மூக்குத் துவாரத்தைக் காபி டம்ளர் வாய் அகலத்துக்கு விரித்துக்கொண்டு, நாலு காலையும் யாரோ நட்டுவைத்துவிட்டுப் போனதுபோல நிற்கிறாள். கொடிக்கும் எங்களுக்கும் நடுவே பதினைந்து அடி இருக்கும். மணி எட்டேகால். கிணத்துக்கடவு வெயில் இப்போதே கழுத்தில் கை வைக்கிறது. உலையில் அரிசி போடவில்லை, அவருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும், என் வலது முழங்கால் காலையிலிருந்தே முனகுகிறது, நான் இங்கே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு குதிரைக்குப் படுக்கை விரிப்பை அறிமுகம் செய்துகொண்டிருக்கிறேன். காதில் செருகிய ஒயருக்குள் என் கணவர் மூச்சு விடுகிறார். அவர் வெகுதூரத்தில் எல்லாம் இல்லை, பக்கவாட்டு அறை ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கிறார், முப்பது தப்படி. கூப்பிட்டாலே கேட்கும். ஆனால் சத்தமாகப் பேசினால் குதிரை மிரளும் என்று போனில்தான் பேசுவார். "கயித்த இழுக்காத சுலோ." இழுக்கலீங்க என்கிறேன். "இழுக்கற. இங்கிருந்தே தெரியுது. கயிறு நடுவுல தொங்கோணும். நீ இழுத்தா அது என்ன நெனைக்கும், ஓஹோ இவளுக்கும் பயமாட்ட இருக்குது, அப்ப நெசமாலுமே என்னமோ இருக்குதுன்னு நெனைக்கும்." குதிரை என்ன நினைக்கும் என்று இவருக்குத் தெரியும். நான் என்ன நினைப்பேன் என்று முப்பத்தோரு வருஷத்தில் ஒருநாளாவது கேட்டதுண்டா. சரி, தளர விட்டேன். இதோ தொங்குகிறது. பார்த்துக்கொள்ளுங்கள் இரண்டு பேரும்.

தமயந்தி என்று பெயர் வைத்ததும் அவர்தான். ராணுவத்துக் குதிரைப் பண்ணையில் பதினேழு வருஷம் இருந்தவர், வடக்கே எங்கெங்கோ, ஊருக்கு வந்து நாலு தொழில் பார்த்தார், எதிலும் மனசு ஒட்டவில்லை. போன வருஷம் ஆடியில் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குச் சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் இந்தச் செவலையோடு வந்து இறங்கினார். விற்றவன் சொன்னானாம், குழந்தை மாதிரிங்க, மடியில போட்டுக்கலாம். மடியில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். தண்டபாணி என்கிற மனுஷருக்கு அறுபத்திரண்டாவது வயதில் ஒரு குதிரை எதற்கு என்று கேட்டதற்கு, எனக்கு ஏதாச்சும் ஒண்ணு காலைல எந்திரிக்கிறதுக்கு வேணுமே என்றார். அப்போது எனக்குச் சுருக்கென்று பட்டது, நான் ஒருத்தி எழுந்து காபி போட்டு வைக்கிறேனே, அது எழுந்திரிக்கிறதுக்குப் போதாதா. கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை வந்து தீர்ந்திருக்கும். நான் கேட்காமல் வைத்துக்கொள்கிற ஆள். இருபத்தொன்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் புகார் பிரிவில் உட்கார்ந்திருந்தேன், ஊரில் யார் வீட்டு லைன் செத்தாலும் என் காதில்தான் கத்துவார்கள். நான் பதிவு பண்ணிட்டேனுங்க, பாத்துச் சொல்றேனுங்க, பதிவு பண்ணிட்டேனுங்க. எதிர்ப்பக்கம் எவ்வளவு கத்தினாலும் குரலில் ஒரு சுருக்கம் விழக் கூடாது. அப்படிப் பழகினவளுக்குத் திருப்பிக் கத்தத் தெரியாமல் போய்விட்டது. வாய் கத்தாது. கை கத்தும். பாத்திரத்தைக் கொஞ்சம் ஓங்கி வைப்பேன், கதவைக் கொஞ்சம் இறுக்கிச் சாத்துவேன், துணியைக் கொஞ்சம் வேகமாக உதறுவேன். உதறுவேன். சரி, இந்த இடத்துக்கு வர வேண்டாம். தமயந்தி, ஒரு அடி வை பார்க்கலாம். ஒரே ஒரு அடி. மகராசி வைத்துவிட்டாள். முன்னங்கால் இடது. "நில்லு, நில்லு, இப்பத் திருப்பிக் கூட்டிட்டுப் போ," என்கிறார் காதுக்குள். இதுதான் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. பதினோரு நாளாக ஒவ்வொரு அடியாக இவளை முன்னால் கொண்டுவருவதும், வந்ததும் திருப்பி அழைத்துக்கொண்டு போவதும். துணியைப் பார்த்து நின்றால், தலையைத் தாழ்த்தி வாயை மென்றால், உடனே துணியை விட்டு விலக்க வேண்டுமாம். தைரியமாக நின்றால் கெட்டது தானாக விலகிப் போகும் என்று அதற்குத் தோன்ற வேண்டுமாம். யாருக்கு அப்படி விலகிப் போயிருக்கிறது.

முதல்நாள் கைக்குட்டையில் தொடங்கினோம். அப்புறம் தேங்காய்ப்பூத் துண்டு. அப்புறம் அவருடைய வேட்டி, மடித்து, பிரித்து, கையில் பிடித்து, வேலியில் போட்டு. வேட்டியோடு சமாதானமாகவே நாலு நாள் ஆனது. விரிப்புக்கு வந்தபோது அவர்தான் கேட்டார், எந்த விரிப்பு. அதேதானுங்க என்றேன். பெட்டியின் அடியில் சுருட்டி வைத்திருந்தேன், அவர் விழுந்த அன்றைக்குப் பிறகு கட்டிலில் போடவில்லை. அதேதான் வேணும், அது பாத்துப் பயந்தது அதைத்தானே என்றார். குரலில் ஒன்றுமில்லை, மருந்துக்கடையில் மாத்திரைப் பெயர் சொல்கிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை இவளை விலைக்கு ஏற்றிப் போகக் கோயமுத்தூரிலிருந்து ஒரு ஆள் லாரி கொண்டுவருகிறார். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். போன வாரம் வந்து இவள் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார், கழுத்தில் இரண்டு தட்டுத் தட்டினார், கொஞ்சம் பயந்தாங்கொள்ளியோ என்று கேட்டார். பழக்கிக்கலாங்க, பேண்டு சத்தத்துல நாலு தடவை நிக்க வெச்சாப் பழகிரும் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். பேண்டு, சரவெடி, தலையில் குழல்விளக்கைத் தூக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் வருகிற பெண்கள், முதுகில் சரிகைத் துணி, அதன்மேல் தலைப்பாகை கட்டின மாப்பிள்ளை. கைக்குட்டைக்கே ஒரு நாள் முழுக்க நடுங்கினவள். அவரிடம் நான்தான் சொன்னேன், அனுப்பறதுக்கு முன்னாடி இந்தத் துணிப் பயத்தையாச்சும் தெளிய வெச்சு அனுப்பலாமுங்க, இல்லீனா அங்க எவனையாச்சும் கீழ போட்டுரும், அந்தப் பாவம் நமக்கெதுக்கு என்று. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உனக்கு எதுக்கு அந்த வேலை என்றார். ஆனால் மறுநாள் காலை ஜன்னல் பக்கமாகத் தலைமாட்டை மாற்றிப் போடச் சொன்னார். குதிரையே வேண்டாம் என்று முடிவு பண்ணினவர் இப்படிக் காலை ஏழரையிலிருந்து ஒயரில் உயிரை வைத்துக்கொண்டு கிடப்பாரா என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்கவில்லை, பதிவு பண்ணிக்கொண்டேன்.

இப்போது பன்னிரண்டு அடி. கொஞ்சம் பரவாயில்லை. காது ஒன்று பின்னால் திரும்பியிருக்கிறது, என்னைக் கவனிக்கிறாள் என்று அர்த்தமாம். இவள் கால் என் கால்மேல் பட்டுவிடக் கூடாதே என்றுதான் எனக்குக் கவலை. லாடம் அடித்த குளம்பு, செருப்புப் போட்ட பாதம். எனக்கும் பயம்தானே, அதை யார் தெளிய வைக்கப் போகிறார்கள். கொள்ளு வாசனையும் வியர்வையும் கலந்த இவளுடைய மூச்சு என் தோளில் படும்போதெல்லாம் முதுகுத்தண்டு விறைக்கிறது. ஒன்பது மாதம் இந்த வீட்டில் இவளுக்குப் பக்கத்தில் நான் போனதே இல்லை, தவிட்டு வாளியைக்கூட எட்டி வைத்துவிட்டு வந்துவிடுவேன். இவளும் என்னைச் சட்டை பண்ணினதில்லை. அவர் செருப்புச் சத்தம் கேட்டால் லாயத்துக்குள்ளிருந்து கனைப்பாள், என் செருப்புச் சத்தம் கேட்டால் வாலை ஆட்டி ஈயை விரட்டுவாள். அன்றைக்கு இவள் முதுகிலிருந்து அவர் விழுந்த பிறகு ஒன்று நடந்தது, அதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. குதிரை என்றால் ஓடிவிடும் என்று நினைத்தேன். வேலிவரைக்கும் ஓடினாள், லகான் காலில் தட்டத் தட்ட. பிறகு திரும்பி வந்தாள். அவருக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டு, உடம்பெல்லாம் தோல் துடிக்க, தலையைத் தாழ்த்தி அவரைப் பார்த்தாள். அவர் கொடிக்குப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் ஒருக்களித்துக் கிடந்தார், சத்தமே இல்லை, வாய் மட்டும் திறந்து மூடியது. நான் கையில் விரிப்பை வைத்துக்கொண்டு நின்றேன். இவள் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். குதிரைக்கு என்ன தெரியும், பார்க்கிற பக்கம் பார்க்கும். ஆனால் இந்த நாற்பத்திரண்டு நாளில் அந்தப் பார்வை எத்தனை தடவை வந்துவிட்டது. ஆம்புலன்சில், ஆபரேஷன் அறைக்கு வெளியே நாற்காலியில், அவருக்குப் படுக்கையிலேயே எல்லாம் பார்க்கிறபோது. இடுப்போடு போயிற்று, கழுத்தாக இருந்திருந்தால் என்று டாக்டர் சொன்னாரே, அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை, நான் தினமும் முடித்துப் பார்க்கிறேன்.

காற்று. அய்யோ, காற்று வருகிறது. விரிப்பு வயிற்றை உப்பி ஒரு தடவை பட்டென்று அடித்ததுதான், தமயந்தி பின்னங்காலில் உட்கார்ந்து எழுந்தாள், கயிறு என் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது, நான் பிடித்தேனா விட்டேனா தெரியவில்லை. எப்படியோ முனை கையில் இருக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் மறுபடி இருபத்தைந்து அடிக்குப் போய்விட்டோம். பதினோரு நாள் போயிற்று. கை எரிகிறது. நீ நல்லா இருப்பியா என்று அவளிடம் சொல்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு, குரல் உயராமல். உனக்கு மூளைன்னு ஒண்ணு வெச்சிருக்குதா சாமி. துணி, துணி, துணி. உன் உடம்பு எடை என்ன, அந்தத் துணி எடை என்ன. எனக்குக் கால் வலிக்குது, அடுப்பில எதுவும் இல்லை, அந்த மனுஷன் அங்கே கிடக்கறாரு, ஞாயித்துக்கிழமை உன்னைய ஏத்தறதுக்கு வர்றாங்க, நீ எதுக்குப் பயப்படோணுமோ அதுக்குப் பயப்படாம இதுக்கு நின்னுக்கிட்டிருக்கற. அவள் மூச்சிரைக்கிறாள். கண்ணின் வெள்ளை தெரிகிறது. அந்தக் கண்ணில் நான் குட்டியாகத் தெரிகிறேன், எனக்குப் பின்னால் கொடியும் அதைவிடக் குட்டியாக விரிப்பும்.  பிறகு, "விட்டுரு சுலோ. போதும். கொண்டுபோய்க் கட்டிட்டு வா," என்றார்.  "நான்தான் ஏமாந்துட்டேன். எத்தனையோ குதிரை பாத்திருக்கறேன். ஒண்ணுமில்லாததுக்குப் பயந்து ஆளைக் கீழ போடற குதிரையைத் திருத்தவே முடியாது. இது அந்த மாதிரி. நம்பிக்கை போயிருச்சு, அவ்வளவுதான்."

ஒண்ணுமில்லாததுக்கு. இந்த வார்த்தையை அவர் ஆஸ்பத்திரியில் முதல்நாளே சொன்னார். மகன் ஓசூரிலிருந்து ஓடிவந்து என்னப்பா ஆச்சு என்று கேட்டபோது, ஒண்ணுமில்லாததுக்குப் பயந்து தூக்கிப் போட்டுருச்சுடா, கொடியில துணி காத்துக்கு அடிச்சிருக்கும் என்றார். காற்று என்று அவராகவே வைத்துக்கொண்டார். தண்ணீர்த் தொட்டி மறைத்ததால் அந்தப் பக்கம் நான் இருந்ததே அவருக்குத் தெரியாது. அவர் மகனிடம் அப்படிச் சொன்னபோது நான் பக்கத்தில் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் விழுந்த அன்றைக்குக் காற்றே இல்லை. ஒரு இலை அசையவில்லை. எனக்கு முழங்காலுக்குப் படம் எடுக்கிற நாள் அது, பத்து மணிக்கு நேரம் வாங்கியிருந்தது, மூன்று வாரத்துக்கு முன்பே அவரிடம் சொல்லி வைத்தது. காலையில் எழுந்து பார்த்தால் அவர் தமயந்திக்கு உடம்பு தேய்த்துக்கொண்டிருக்கிறார். லாடக்காரர் பதினோரு மணிக்கு வர்றாரு சுலோ, இன்னொரு நாளைக்குப் போய்க்கலாமே, கால் என்ன ஓடியா போயிரும் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சரிங்க என்றேன். சரிங்க என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு கொடிக்கு வந்தேன், நொண்டிக்கொண்டுதான். குளம்புச் சத்தம் கேட்டதா என்று நாற்பத்திரண்டு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் கேட்கவில்லை என்று தோன்றும். ஒருநாள் தூரத்தில் கேட்ட மாதிரி, பக்கத்தில் இல்லாத மாதிரி. துணி பிழிகிற சத்தத்தில் கலந்த மாதிரி. இப்படி எத்தனை மாதிரி. கேட்டது. தொட்டிக்கு அந்தப் பக்கம் டக் டக்கென்று வருவது நன்றாகவே கேட்டது. அவர் நாக்கைச் சொடுக்குகிற சத்தம்கூடக் கேட்டது. அவர் காதில் விழட்டும், நான் கோபமாக இருக்கிறேன் என்று தெரியட்டும் என்றுதான் இரண்டு முனையையும் பிடித்து அந்த உதறு உதறினேன். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். விழ வேண்டும் என்று நினைக்கவில்லை. அது சத்தியம். ஆனால் குளம்புச் சத்தம் கேட்டது. அதுவும் சத்தியம்.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர் கத்துகிற ஆள் இல்லை, அடிக்கிற ஆள் இல்லை. பேச்சை நிறுத்திவிடுவார். தொண்ணூற்றாறில் அவருடைய ராணுவக் கம்பளிக் கோட்டைப் பழசு என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன் என்பதற்காகப் பத்தொன்பது நாள் பேசவில்லை. உப்பு வேண்டும் என்றால்கூட எழுந்துபோய் எடுத்துக்கொள்வார். கோட்டுக்குப் பத்தொன்பது நாள் என்றால் இடுப்புக்கு எத்தனை. இப்போது எழுந்துபோய் உப்பு எடுத்துக்கொள்ளவும் முடியாத மனுஷர், என் கையால்தான் எல்லாம் ஆக வேண்டும். பேசாத ஒருத்தருக்கு முதுகு துடைத்துவிட்டுக்கொண்டு இந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன். அதனால் சொல்லவில்லை. சொல்லாமலேயே சரி பண்ணிவிடலாம் என்று பார்த்தேன். இவள் இந்தத் துணியைத் தாண்டிவிட்டால் போதும், அவருக்கு நம்பிக்கை வந்துவிடும், லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார், நான் சொல்ல வேண்டிய அவசியமே வராது. இதுதான் என் கணக்கு. குதிரைக்குப் பயம் தெளிய வைக்கிறேன் பேர்வழி என்று என் பயத்துக்குத்தான் பதினோரு நாளாகத் தீனி போட்டிருக்கிறேன். "கேக்குதா சுலோ, கொண்டுபோய்க் கட்டு," என்கிறார் மறுபடியும். கை எரிகிறது. முழங்கால் வலிக்கிறது. எல்லாவற்றின் மேலும் எனக்கு அலுப்பாக வருகிறது, இந்தக் கயிறு, இந்த வெயில், இந்தக் காது ஒயர், இந்த நல்ல பெயர். "ஒண்ணுமில்லாததுக்கு இல்லீங்க," என்றேன். என்ன என்றார். "அது ஒண்ணுமில்லாததுக்குப் பயப்படலீங்க. அன்னைக்குக் காத்தே அடிக்கல. நான்தான் உதறுனேன். தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, நீங்க வர்றது காதுல கேட்டுத்தான் உதறுனேன். கோவத்துல. எக்ஸ்ரேக்குக் கூட்டிட்டுப் போவலைன்னு. நீங்க விழுவீங்கன்னு நெனைக்கல. குதிரை மேல ஒரு தப்பும் இல்லீங்க." புகார் பிரிவில் பேசுகிற குரலிலேயே சொன்னேன் போலிருக்கிறது, ஒரு சுருக்கமும் விழவில்லை. 

மூச்சுச் சத்தம் நின்றுவிட்டது. பிறகு ஒரு சின்ன ஒலி, இருபத்தொன்பது வருஷம் கேட்ட ஒலி, லைனை வைத்துவிட்டார். ஜன்னலைப் பார்த்தேன். அவர் தலை அங்கே இல்லை, தலையணையின் வெள்ளை மட்டும் தெரிந்தது. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். இடது பக்கமாகத் திரும்பக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், நடுவில் தலையணை வைக்காமல் திரும்பவே கூடாது என்றிருக்கிறார். போய்ச் சொல்லலாமா. இப்போது நான் போய் என்ன சொல்வது. அப்படியே கீழே கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டேன். ஊரில் எத்தனை பேர் வீட்டு லைனுக்கு உயிர் கொடுத்திருக்கிறேன், என் கைவிரல் அந்தப் பச்சைப் பொத்தானுக்குப் போகவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், அதுவும் வரவில்லை. தொட்டியில் நிறைந்து வழிகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டது, மோட்டாரை நிறுத்தவில்லை என்று தோன்றியது, எழுந்து போகவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு பார்த்தால் கயிறு என் மடியில் சும்மா கிடக்கிறது, அதன் மறுமுனை நகர்ந்துகொண்டிருக்கிறது. தமயந்தி புல் மேய்ந்துகொண்டே போகிறாள். வழிந்த தண்ணீர் ஓடின இடத்தில் கொஞ்சம் பச்சை, அதை ஒரு வாய் கடிக்கிறாள், ஒரு அடி வைக்கிறாள், அடுத்த வாய். பத்து அடி. ஆறு அடி.  நிமிர்ந்து விரிப்பைப் பார்த்தாள். கழுத்தை நீட்டி அதன் ஓரத்தை முகர்ந்தாள். ஒரு தும்மல் போட்டாள், ரோஜாப்பூ முழுக்கப் பச்சை எச்சில். அப்புறம் தலையைத் தாழ்த்தி, ஏதோ வாசல் திரையை ஒதுக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போகிற மாதிரி, விரிப்புக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். துணி அவள் நெற்றியில், பிடரியில், முதுகு முழுக்க வழுக்கிக்கொண்டே போய் வாலில் விழுந்தது. தோல் ஒரு தடவைகூடத் துடிக்கவில்லை. இப்பவா, என்கிறேன். பதினோரு நாள் தொண்டைத் தண்ணி வத்தக் கெஞ்சினேன், ஜன்னல்ல ஆள் இருந்தப்பவெல்லாம் கல்லாட்டம் நின்னுட்டு, பாக்கறதுக்கு ஒருத்தரும் இல்லாத இப்பப் போவியா நீ. உன்னைய என்ன சொல்றதுன்னே தெரியலை.

எழுந்து போய்க் கயிற்றை எடுத்தேன். இழுக்கவில்லை. தொட்டிப் பக்கமாகச் சுற்றி அழைத்துக்கொண்டு வந்து மறுபடி அதே வழியில் போனோம். போனாள். மூன்றாவது தடவை நானே விரிப்பின் முனையைப் பிடித்து மெதுவாக அசைத்தேன், காதைத் திருப்பினாள், நின்றாள், போனாள். நானும் கூடவே குனிந்து அடியில் போனேன், துணி என் தலையிலும் பட்டது, சோப்பு வாசனையும் குதிரை எச்சிலுமாக. அவள் தோள் என் தோளில் இடித்தது, நான் விறைக்கவில்லை என்பதைத் தாண்டி வந்த பிறகுதான் கவனித்தேன். அப்போது காதுக்குள் மணி அடித்தது. எடுத்தேன்.   கட்டில் கிரீச்சிடுகிற சத்தம், நகர்ந்து படுக்கிறார் போலிருக்கிறது, வலியில் ஒரு இழுத்த மூச்சு. ஜன்னலில் நரைத்த தலை தெரிந்தது. "நான் உன்ற கிட்டப் பேசல," என்றார். "குதிரைக்காகச் சொல்றேன், கேட்டுக்க." சொல்லுங்க என்றேன். "எத்தனை தடவை போச்சு." மூணு தடவைங்க. "எல்லாம் துணிகிட்ட வர்றப்ப அது இடது கண்ணுல படற மாதிரிதான கூட்டிட்டுப் போன." ஆமாங்க. "அது பத்தாது. குதிரைக்கு இந்தக் கண்ணுல பாத்துப் பழகுனது அந்தக் கண்ணுக்கு ஒட்டாது. திருப்பிக் கொண்டுட்டுப் போ. வலது பக்கம் துணி வர்ற மாதிரி. அந்தப் பக்கத்துக்கு மொதல்லருந்து எல்லாம் பழக்கோணும்." மொதல்லருந்துங்களா என்றேன். "மொதல்லருந்துதான்." ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியாதுங்களே.  "முடியாதுதான்," என்றார். "அந்த ஆளுக்கு நான் போன் பண்ணிக்கறேன். நீ கயித்தைத் தொங்க விட்டுப் புடி." தமயந்தியைத் திருப்பினேன். விரிப்பு இப்போது எங்களுக்கு வலது கைப்பக்கம். நாலு அடி நடந்தாள். காதிரண்டும் முன்னால் நீண்டன, மூக்கு விரிந்தது, நாலு காலையும் ஊன்றி நின்றுவிட்டாள், அப்படி ஒரு பொருளை ஜென்மத்தில் பார்த்ததில்லை என்பதுபோல. சரி, பார்த்துக்கொள் என்றேன். எனக்குப் பசித்தது. மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கயிற்றைத் தளர விட்டுக்கொண்டு நானும் பக்கத்தில் நின்றேன்.